முடிவிலி காட்டும் மெக்கரை நம்பலாமா? சோதனைக் கருவிகளைச் சரிபார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயரிங் முடிந்த வீட்டில் மெக்கரை, அதாவது வயரின் இன்சுலேஷன் (மின்காப்பு உறை) மின்சாரத்தைக் கசிய விடாமல் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் கருவியை, இணைத்துப் பொத்தானை அழுத்தியதும் திரையில் 999 மெகா ஓமுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட முடிவிலி, என்று வந்தால் பலருக்கும் நிம்மதி. எனக்கு அந்த எண்ணைக் கண்டால்தான் சந்தேகம் எழும். இன்சுலேஷன் நன்றாக இருந்தாலும் அதுதான் வரும். மெக்கரை சர்க்யூட்டோடு இணைக்கும் லீட் வயர் உள்ளுக்குள் அறுந்து கிடந்தாலும் அதுதான் வரும்.

மூன்று மாடி வீடு ஒன்றில் ஐந்து சர்க்யூட்டுகள் வரிசையாக ஒரே எண்ணைக் காட்டின. ஆறாவதும் அப்படியே வந்தபோது இரண்டு கிளிப்புகளையும் ஒன்றோடொன்று கவ்வவிட்டு அழுத்தினேன். பூஜ்யம் வரவில்லை. முதலைக் கிளிப்பின் கழுத்தில், ரப்பர் உறைக்குள்ளே, செம்பு இழைகள் அனைத்தும் அறுந்திருந்தன. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. கருவி சரியாக அளக்கிறது என்று ஆய்வகம் சோதித்து அதன் முதுகில் ஒட்டியிருந்த காலிபரேஷன் சீட்டுக்கு வயது இரண்டே மாதம்.

அந்தச் சீட்டை நம்பி நிற்பதுதான் முதல் தவறு. சோதித்த நாளில், சோதித்த அளவுகளில் கருவி எப்படி இருந்தது என்பதைத் தவிர அது வேறு எதற்கும் உறுதி தராது. ஆய்வகம் தன் சொந்த லீட் வயர்களைக் கொண்டு சோதித்திருந்தால், உங்கள் லீட் வயர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இருக்காது. சான்றிதழைப் பிரித்துப் படியுங்கள். 230 வோல்ட் சர்க்யூட்டுக்கு நாம் 500 வோல்ட் கொடுத்து, குறைந்தது 1 மெகா ஓம் வருகிறதா என்று பார்க்கிறோம். அந்த எல்லைக்கு அருகில் கருவியைச் சோதித்திருக்கிறார்களா என்பதே நமக்கு முக்கியம்.

ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் கிளிப்புகளைச் சேர்த்தால் பூஜ்யம், பிரித்தால் முடிவிலி வர வேண்டும். பிரித்தும் முடிவிலி வரவில்லையென்றால் லீட் வயரில் ஈரமோ அழுக்கோ இருக்கிறது. மழைக்காலத்தில் இது சாதாரணம். கையால் சுற்றும் பழைய மெக்கரின் முள்ளுக்கு ஸ்பிரிங் கிடையாது, சும்மா இருக்கும்போது எங்கு வேண்டுமானாலும் நிற்கும். அதைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்று ஒதுக்காதீர்கள். சுற்றிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

பூஜ்யமும் முடிவிலியும் சரியாக வந்தாலும் நடுவில் உள்ள அளவு பிசகியிருக்கலாம். அதற்கு மதிப்புத் தெரிந்த ஒரு மின்தடை (ரெசிஸ்டர்) கையில் வேண்டும். கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றை நேரடியாக மாட்டிச் சோதிப்பவர்கள் உண்டு. அந்தச் சின்ன ரெசிஸ்டர் பெரும்பாலும் 250 வோல்ட் வரைதான் தாங்கும். 500 வோல்ட்டில் அதன் மதிப்பையே நம்ப முடியாது. நான் 100 கிலோ ஓம், 1 சதவீதத் துல்லியம் கொண்ட ரெசிஸ்டர்கள் பத்தைத் தொடராகப் பற்றவைத்து ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். மொத்தம் 1 மெகா ஓம். ஒவ்வொன்றின் பங்குக்கும் 50 வோல்ட்தான் வரும். ஐந்தாவதன் முடிவில் ஒரு முனையை வெளியே எடுத்தால் 0.5 மெகா ஓமும் கிடைத்துவிடும்.

அந்த 0.5 மெகா ஓம், பேட்டரியின் உண்மையைச் சொல்லும். சுமையில்லாதபோது 500 வோல்ட் காட்டும் கருவி, 1 மில்லி ஆம்பியர் ஓடும் இந்தச் சுமையில் தளர்ந்துவிடலாம். மல்டிமீட்டரை இணையாக வைத்துப் பாருங்கள். 1000 வோல்ட் ரேஞ்சில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். சுமையில்லாத மெக்கர் அந்த அளவைத் தாண்டக்கூடும், மல்டிமீட்டர் தாங்காது. நண்பரின் மெக்கரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயன் தராது. இரண்டும் வேறுபட்டால் எது பொய் சொல்கிறது என்று எப்படித் தெரியும்?

எர்த் வயர் அறுபடாமல் தொடர்கிறதா என்று அதன் மின்தடையை அளக்கும்போது பிழை இன்னும் நுண்ணியது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 20 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.15 ஓம். உங்கள் லீட் வயர்களே 0.2 ஓம் இருந்தால், அதைக் கழிக்காமல் அளப்பது லீட் வயரை அளப்பதாகவே முடியும். கிளிப் தளர்ந்திருக்கும்போது லீட் வயரின் மதிப்பை எடுத்துக் கழித்தால் அதைவிட மோசம்: அந்தத் தளர்வும் சேர்ந்து கழிபடும், கெட்ட எர்த் நல்ல எர்த்தாகத் தெரியும்.

மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரை, மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் முன்னும் பின்னும் தொட்டுப் பாருங்கள். பின்னால் தொடுவதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். நடுவில் டெஸ்டர் செத்துப்போயிருந்தால் அது பின்னால் தொடும்போதுதான் தெரியும், அதை விட்டால் தெரியாமலே கையை வைத்துவிடுவோம்.

ரெசிஸ்டர் பெட்டியைக் கொண்டு மெக்கரைச் சோதித்ததும் தேதியையும் அளவையும், அன்று வேலை செய்யும் வீட்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 1.01, 1.01, 1.02 என்று வந்துகொண்டிருந்தது திடீரென 1.15 என்று எகிறினால் கருவி மாறிவிட்டது. அப்போது பலரும் அதைப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். கடைசியாகச் சரியான அளவு வந்த தேதிக்குப் பிறகு அந்தக் கருவியால் சோதித்த வீடுகள் எவை என்பதும் அதே நோட்டில்தான் இருக்கிறது. அவற்றில் இப்போது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் சுவிட்சைத் தொடுகிறார்கள். சரியான கருவி கைக்கு வந்ததும் அந்த வீடுகளுக்குத் திரும்பப் போக வேண்டும், கூலி கிடைக்காவிட்டாலும்.