சிறுத்தைப் பல்லிக்கு எவ்வளவு இரை, எத்தனை நாளைக்கு ஒருமுறை?

நல்ல உடல்நிலையில் இருக்கும் வளர்ந்த சிறுத்தைப் பல்லியின் வால், பருத்த இடத்தில், அதன் கழுத்தின் அகலத்துக்கு ஏறக்குறைய நிகராக இருக்கும். லெப்பர்ட் கெக்கோ என்ற பெயரில் வளர்ப்பு விலங்காகப் பல நாடுகளில் விற்கப்படும் இந்தப் பல்லியின் தாயகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட பாறை நிலங்களாகும். இரை கிடைக்கும் காலத்தில் மிஞ்சியதைக் கொழுப்பாக வாலில் சேர்த்துவைத்து, கிடைக்காத காலத்தில் அதைக் கரைத்து உயிர்வாழ்வது அதன் இயல்பு. ஆகவே, எதிரில் நகரும் பூச்சியை அது ஆவலுடன் பாய்ந்து பிடிப்பதைக் கண்டு, பசியால் வாடுகிறது என்று முடிவுகட்டி மேலும் மேலும் போடுவதுதான் புதிதாக வளர்ப்போர் பெரும்பாலும் செய்யும் பிழை.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு முதல் சில நாட்கள் எதையும் உண்ணாது. மஞ்சள் கருவின் எச்சம் அதற்குப் போதுமானது. முதல் தோலை உரித்து, அந்தத் தோலையே தின்று முடித்த பிறகுதான் அது வேட்டைக்கு ஆயத்தமாகும். அதிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதங்கள் வரை நாள்தோறும் ஐந்து முதல் ஏழு சிறு பூச்சிகள் தரலாம். அதன் பின்னர் ஓராண்டு நிறையும் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஓராண்டைக் கடந்த பல்லிக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, வேளைக்கு ஐந்து முதல் ஏழு பெரிய பூச்சிகள் என்பது நடுத்தரமான அளவு. உடல் நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு இரண்டு பூச்சிகள் என்றொரு கணக்கும் வளர்ப்போரிடையே வழங்குகிறது. குஞ்சுகளுக்கு அது ஓரளவு பொருந்தினாலும், எட்டு அங்குலப் பல்லிக்குப் பதினாறு பெரிய பூச்சிகளைப் போடுவது என் பார்வையில் மிகை.

எண்ணிக்கையைவிடப் பூச்சியின் பருமன் முக்கியமானது. பல்லியின் இரு கண்களுக்கும் இடையிலுள்ள அகலத்தைத் தாண்டிய எதையும் கொடுக்கக் கூடாது. தாண்டினால் செரிக்காமல் கக்கிவிடக்கூடும். சுவர்க்கோழி என்று நாம் அழைக்கும் கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான், மீல்வார்ம் புழு ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது. வேக்ஸ்வார்ம் புழுவில் கொழுப்பு மிகுதி. அது பண்டிகைப் பலகாரத்தைப் போல எப்போதாவது ஒன்றிரண்டு தருவதற்குரியது. அதன் சுவைக்குப் பழகிய பல்லி மற்றப் பூச்சிகளைத் திரும்பியும் பார்க்காது. காய், பழம், சோறு எதையும் இந்தப் பல்லியின் குடல் ஏற்காது.

நம் வீட்டுச் சுவரில் திரியும் பல்லி விளக்கடியில் வந்து விழும் பூச்சிகளைத் தின்று நலமாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் தோட்டத்திலும் தெருவிளக்கடியிலும் பிடிக்கும் பூச்சிகள் பூச்சிக்கொல்லியையும் ஒட்டுண்ணிகளையும் சுமந்துவரக்கூடும்; மின்மினிப் பூச்சியோ பல்லியினங்களின் உயிரையே பறிக்கக்கூடிய நஞ்சு கொண்டது. இரைக்கென வளர்க்கப்பட்ட பூச்சிகளையே வாங்க வேண்டும்.

வாங்கிய பூச்சியை அப்படியே போடுவதும் சரியன்று. பூச்சிகளில் பெரும்பாலானவற்றில் பாஸ்பரஸ் மிகுதியாகவும் கால்சியம் மிகக் குறைவாகவும் இருக்கும். பல்லிக்குத் தேவையோ ஏறக்குறைய இரண்டு பங்கு கால்சியத்துக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ். இந்தக் குறை நீடித்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும்; தாடை மெத்தென்று ஆகி, கால்கள் வளைந்து, கடைசியில் நடக்கவும் இயலாத நிலை வரும். எனவே, இரையாகப் போவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பூச்சிகளுக்குக் கீரை, கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு போன்றவற்றைத் தின்னக் கொடுத்து, பிறகு ஒரு பையில் கால்சியம் தூளுடன் இட்டு மெல்லக் குலுக்கி எடுத்துப் போட வேண்டும். குஞ்சுகளுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு வேளையும், வளர்ந்தவற்றுக்கு ஒரு வேளை விட்டு ஒரு வேளையும் இவ்வாறு செய்யலாம்; பலவகை வைட்டமின் தூள் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை. புற ஊதா விளக்கு இல்லாத கூட்டில் வைட்டமின் டி3 கலந்த கால்சியம் வேண்டும்; ஆனால் ஏ, டி ஆகிய வைட்டமின்கள் உடலில் தேங்கி நஞ்சாகக் கூடியவை என்பதால் டப்பாவில் அச்சிட்டுள்ள அளவை மீறக் கூடாது.

இருள் கவியும் நேரம் இதன் வேட்டை நேரம். இரையை அப்போது விடுவதே பொருத்தம். கால் மணி நேரத்துக்குப் பிறகும் எஞ்சியிருக்கும் கிரிக்கெட் பூச்சிகளைக் கட்டாயம் அகற்றிவிட வேண்டும், ஏனெனில் அவை உறங்கும் பல்லியின் விரல்களையும் தோலையும் கடித்துப் புண்ணாக்கும். ஆழமில்லாத கிண்ணத்தில் நல்ல நீர் எப்போதும் இருக்கட்டும்.

இரையை மறுக்கும் பல்லியைக் கண்டால் முதலில் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். கூட்டின் சூடான பகுதியில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இல்லாவிட்டால், தின்றது செரிக்காது. செரிக்காத வயிறு அடுத்த வேளை இரையை ஏற்காது. என்னுடைய பல்லி பன்னிரண்டு நாட்கள் எதையும் தொடாதிருந்தபோது நான் பூச்சி வகைகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பழுது சூடேற்றும் விரிப்பில் இருந்தது. தோல் உரிக்கும் நாட்களிலும், குளிர்காலத்திலும், இனப்பெருக்கக் காலத்திலும் பசி குறைவது இயல்பு.

இயல்பான மறுப்பையும் நோயையும் பிரித்தறியச் சமையலறைத் தராசு ஒன்றே போதும். வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், ஒரு கிண்ணத்தில் வைத்து கிராம் கணக்கில் எடையைக் குறித்து வாருங்கள். வால் கழுத்தைவிடப் பருத்து, முன்னங்கால் இடுக்கில் குமிழ் போல வீங்கினால், பெரும்பாலும் இரை மிகுதி என்று பொருள். இடைவெளியை ஒரு நாள் கூட்டுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வால் சுருங்கி ஒடுங்கினாலோ, காத்திராமல் ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம், அந்த எடைக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு செல்லுங்கள்.