மலிவு இயர்போன் வாங்கினால் முதல் நாளே பார்க்க வேண்டியவை

புது இயர்போனை மாட்டியதும் "பேஸே இல்லையே" என்று தோன்றினால் உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள், முதலில் ரப்பரை மாற்றிப் பாருங்கள். காதுக்குள் செருகும் வகையில் பேஸ் முழுக்க அந்த ரப்பர் காதுத் துவாரத்தை எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது என்பதில்தான் இருக்கிறது. மயிரிழை இடைவெளி இருந்தாலே அடி ஒலி கசிந்துவிடும், மிஞ்சுவது தகர டப்பா சத்தம். பாட்டை ஓடவிட்டு இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் அடைப்பு போதவில்லை, அடுத்த அளவைப் போடுங்கள். எனக்கு வலது காதுக்கு நடுத்தரம், இடது காதுக்குப் பெரியது. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை.

இதை முடிக்காமல் ஒலி நல்லது, கெட்டது என்று எதுவுமே சொல்லக் கூடாது.

டப்பாவில் போட்டிருக்கும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 10 மி.மீ. டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்) போன்ற எண்களை விட்டுவிடுங்கள், அவற்றை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. போனில் ஈக்வலைசர், அதாவது பேஸையும் மேல் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் அமைப்பு, ஓடினால் அணைத்துவிடுங்கள். பழைய இயர்போனோடு ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டிலும் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள், ஏனென்றால் சத்தம் கொஞ்சம் கூடுதலாக வருவதுதான் நல்லது என்று காது நம்பிவிடும்.

நான் சோதிப்பது கர்நாடகக் கச்சேரிப் பதிவில். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது அடி ஒலி தரும் பக்கம், "தொம்" என்று விழுந்து உடனே அடங்க வேண்டும். அது பரவி நின்று பாடகர் குரலை மூடினால் பேஸ் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருக்கிறது, மலிவு விலையில் அதிகம் பார்க்கும் குறை இதுதான். மறுபக்கமான வலந்தலையின் "நம்", "தின்" தனித்தனியாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் குரலில் ஸ, ஷ வரும் இடங்கள்: ஊசி குத்துவது போல இருந்தால் அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். நாதஸ்வரமும் நல்ல சோதனை, மேல் ஸ்தாயியில் கூச்சம் இல்லாமல் கேட்க முடிந்தால் அந்த இயர்போனை நம்பலாம்.

இடது வலது சமநிலைக்கு, போனின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஆடியோவைப் போடுங்கள், இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும். குரல் தலைக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டையும் காது மாற்றி மாட்டுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குறை இயர்போனில், மாறாவிட்டால் உங்கள் காதிலோ ரப்பர் உட்கார்ந்த விதத்திலோ.

சரி, கட்டமைப்பு. மலிவு இயர்போன் பெரும்பாலும் சாவது டிரைவரால் அல்ல, ஒயரால். எனக்கு ஒன்று நாலே மாதத்தில் ஒரு பக்கம் போனது, பிரித்துப் பார்த்தால் ஜாக்குக்குள் ஒயர் நுழையும் இடத்தில் செப்பிழை அறுந்திருந்தது. அந்த இடத்தில் வளைந்து கொடுக்கும் ரப்பர் உறை இருக்கிறதா பாருங்கள், கட்டைப் பிளாஸ்டிக்கில் நேராக ஒயர் நுழைந்தால் வேண்டாம். பாட்டை மெல்லிய சத்தத்தில் வைத்து ஜாக் அடி, ஒயர் இரண்டாகப் பிரியும் இடம், காதுப் பகுதியின் அடி மூன்றையும் விரலால் லேசாக அசையுங்கள். ஒரு நொடி சத்தம் வெட்டினாலும் அன்றே மாற்றிக் கேளுங்கள். ஒயர் கழற்றி மாட்டும் வகை, அதாவது 0.78 மி.மீ. இரட்டைப் பின் உள்ளது, கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் நான் அதைத்தான் எடுப்பேன். ஒயர் போனால் ஒயரை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

ரப்பரைக் கழற்றி அது மாட்டியிருந்த மூக்குப் பகுதியையும் பாருங்கள். வலை இருக்க வேண்டும், இல்லையென்றால் காது அழுக்கு உள்ளே போய்ச் சத்தம் குறைந்துகொண்டே வரும். விளிம்பில் சின்ன மேடு இல்லாவிட்டால் கழற்றும்போது ரப்பர் காதுக்குள்ளேயே தங்கிவிடலாம். மைக்கைச் சோதிக்க உங்கள் குரலைப் பதிவு செய்து, மின்விசிறி ஓடும் அறையில் ஒரு முறை, தெருவில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.