சிறைக் கணக்கில் மனநோய்: எந்த எண்ணை எதால் வகுப்பது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் சிறைப் புள்ளிவிவர அறிக்கையைத் திறந்ததும் சுருக்கத்தை நம்பி எழுதிவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். 2021 அறிக்கையில் மனநோய் உள்ளவர்கள் 9,180 பேர். மொத்தக் கைதிகள் 5,54,034. வகுத்தால் சுமார் 1.7 சதவீதம். "தண்டனைக் கைதிகளில் 1.7 சதவீதம்" என்று கட்டுரையில் போட்டேன். ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

அந்த 9,180-இல், தண்டனை பெற்றவர்களோடு, வழக்கு முடியாத விசாரணைக் கைதிகளும் தடுப்புக் காவலில் இருப்பவர்களும் சேர்த்தி. ஆகவே மனநோய் அட்டவணைக்கே போய், தண்டனைக் கைதிகள் பத்தியை மட்டும் எடுங்கள். அதைத் தண்டனைக் கைதிகளின் மொத்தத்தால் வகுங்கள். 2021-இல் அது 1,22,852. எக்செலில் இரண்டே கட்டம்தான்.

அப்புறம் தேதி. இது டிசம்பர் 31 அன்று உள்ளே இருந்தவர்களின் கணக்கு. மார்ச்சில் விடுதலையானவர் இதில் இல்லை.

முக்கியமானது இன்னொன்று: இது சிறைகள் பதிந்து அனுப்பிய எண். ஒவ்வொருவரையும் பரிசோதித்து எடுத்ததல்ல. மனநல மருத்துவர் வராத சிறையில் எண் குறைவாகத்தான் இருக்கும். அதை நலம் என்று படிக்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு, மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநலச் சிகிச்சை நிலையம் வேண்டும் என்கிறது. மாநிலங்களை ஒப்பிடுமுன் மருத்துவப் பணியாளர் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.