பாங்காக்கில் இருந்தபடி கோவைக்கு வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து மடிக்கணினியோடு பாங்காக் போய், ஓராண்டுக்கு மேல் தங்கி வேலை பார்த்தேன். நிறுவனம் கோவையில், சம்பளம் கோபி வங்கிக் கணக்கில். கிளம்பும் முன் அப்பா கேட்டார்: "கம்பெனியும் இங்கே, காசும் இங்கே. நீ எங்கே உட்கார்ந்து செய்தால் என்ன கண்ணு?" எனக்கும் அது சரியென்றே பட்டது. இப்போது ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கிளம்பத் தயாராகும் தம்பி தங்கைகள் யோசனை கேட்டால், முதலில் இந்த எண்ணத்தைத்தான் கலைக்கிறேன். விசா, வரி, தூக்கம், மருத்துவச் செலவு எல்லாமே நாம் உட்கார்ந்திருக்கும் ஊரைப் பார்த்துத்தான் வரும்.

சுற்றுலாப் பயணியாக நுழைந்து அறைக்குள் வேலை பார்ப்பது பலரும் செய்யும் தவறு. தங்க அனுமதித்த நாள்கள் முடியும்போது எல்லை தாண்டிப் போய் மறுபடி முத்திரை வாங்கி வருவார்கள். ஒருநாள் குடியேற்ற அதிகாரி திருப்பி அனுப்பினால் அறை, முன்பணம், துணிமணி எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ளும். இப்படி வெளிநாட்டு நிறுவனத்துக்கு அங்கிருந்தபடி வேலை பார்ப்பவர்களும் வாங்கக்கூடிய டி.டி.வி. (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) என்ற விசாவை 2024 ஜூலையில் தாய்லாந்து கொண்டுவந்தது. ஐந்தாண்டு செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம். வயது 20 நிறைந்திருக்க வேண்டும், 5 லட்சம் பாட் இருப்பும் வேலைச் சான்றும் காட்ட வேண்டும். தாய்லாந்து நிறுவனத்துக்கு வேலை செய்ய இது இடம் தராது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் முன் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். மேலாளரிடம் சொல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். வாடிக்கையாளரின் தரவு நாடு தாண்டுகிறது என்பது நிறுவனத்துக்குச் சின்ன விஷயம் இல்லை.

வாடகை விஷயத்தில் நான் பட்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காலை பத்து மணிக்கு அறையைப் பார்த்தேன். வெளிச்சமும் காற்றும் பிடித்துப்போய்க் கையெழுத்துப் போட்டேன். அது மேற்குப் பார்த்த அறை. பிற்பகல் மூன்று மணிக்குச் சன்னல் கண்ணாடியில் கை வைத்தால் தோசைக்கல் போலச் சுட்டது. அலுவலகம் போகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது; நாள் முழுக்க அங்கேயே வேலை பார்க்கிறவனுக்கு ஏசியை அணைக்க வழியில்லை. மின்கட்டணம் யூனிட்டுக்கு எவ்வளவு என்றும் கேட்காமல் விட்டிருந்தேன். மின்வாரியக் கட்டணத்தைவிடக் கூட்டி, யூனிட்டுக்கு 7, 8 பாட் என்று வாங்கும் கட்டடங்கள் அங்கே உண்டு. இரண்டாம் மாத ரசீது வாடகையில் கால் பங்குக்கு வந்து நின்றது. ஆகவே அறையைப் பிற்பகலில் போய்ப் பாருங்கள். மீட்டரையும் சுவரில் உள்ள கீறல்களையும் முதல் நாளே படமெடுத்து வையுங்கள். வெளிநாட்டவர் குடிவந்ததை 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் கடமை. அப்படித் தெரிவித்ததற்கான ரசீதின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கோவைக்கு வேலை பார்த்தால் ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான், சமாளிக்கலாம். அமெரிக்க வேலை என்றால் யோசியுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் கோவைக்கு மாலை 6.30, பாங்காக்குக்கு இரவு 8. ஏற்கெனவே கெடும் தூக்கம் இன்னும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போகும்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஒரு வாரம்கூட இருக்காதீர்கள். ஊரில் எடுத்த பாலிசி பெரும்பாலும் அங்கே செல்லாது. ஸ்கூட்டர் ஓட்டுவதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும்.

எங்கள் பக்கத்து ஆட்கள் அறியாமல் மாட்டிக்கொள்வது நிலத்தில். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் வயலை ஒட்டிய நிலம் விலைக்கு வந்தது. மகன் சம்பாதிக்கிறானே என்று என் பெயரில் கிரயம் செய்ய அப்பா பேசி முடித்துவிட்டார். நல்லவேளையாக ஆடிட்டர் தடுத்தார். சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிட்டவர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பரம்பரையாக வருவதைப் பெறலாம். அப்பா தன் பெயரிலேயே கிரயம் செய்துகொண்டார். வெளிநாடுவாழ் இந்தியர் ஆனவர் சாதாரண சேமிப்புக் கணக்கையும், அவர்களுக்கென உள்ள என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பலர் ஆண்டுக்கணக்கில் மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கோடு சேர்ந்த கைப்பேசி எண்ணையும் உயிரோடு வையுங்கள். ஓ.டி.பி. வராவிட்டால் சொந்தப் பணத்தைத் தொட முடியாது.

வரிக்கு இரண்டு நாள்காட்டிகள் வேண்டும். தாய்லாந்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதில் 180 நாள் தங்கினால் வரிக்கு அந்நாட்டுவாசி, 2024 முதல் வெளியே சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணத்துக்கும் வரி உண்டு. இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச் வரை. இங்கே 182 நாள் இருந்தால் இந்நாட்டுவாசி, சிலருக்கு அதைவிடக் குறைந்த நாளே போதும். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் நாள் கணக்கையும் காகிதத்தையும் நாம்தான் காட்ட வேண்டும். திருவிழாவுக்கு ஊர் வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: பண்ணாரி அம்மன் கோயில் குண்டம், அதாவது தீமிதி, பங்குனியில், மார்ச்சும் ஏப்ரலும் சேரும் இடத்தில் வருகிறது. மார்ச் 31 வரை ஊரில் இருந்த நாள் பழைய ஆண்டில் சேரும், மறுநாள் முதல் புதிய ஆண்டில். டிக்கெட் போடும் முன் பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து, வந்து இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள்.