ஆட்டோஇம்யூன் கல்லீரல் நோய்: டாக்டர் வீட்டுக்கு வரும்போது நாம் செய்யும் தவறுகள்

அம்மாவைப் பார்க்க டாக்டர் வீட்டுக்கே வருகிறார் என்றதும் நாங்கள் செய்த முதல் வேலை, பழைய மருந்து அட்டைகளையெல்லாம் அலமாரிக்குள் தள்ளிவிட்டு, அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று மாத்திரைகளை மட்டும் மேசையில் அழகாக எடுத்து வைத்ததுதான். பெரிய தப்பு அது. கிளினிக்கில் சொல்ல மறந்ததெல்லாம் வீட்டில் கண்ணில் படும், டாக்டர் நேரில் வருவதன் முக்கியமான பயனே அதுதான், அதை நாங்களே ஒளித்து வைத்துவிட்டோம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸில் நம் எதிர்ப்புச் சக்தியே கல்லீரல் செல்களைத் தாக்குகிறது, ஆனால் சில மருந்துகளும் அச்சு அசலாக அதே மாதிரி பாதிப்பை உண்டாக்கும். முகப்பருவுக்குத் தரும் மினோசைக்ளினும் சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபுரான்டாயினும் இதற்குப் பேர்போனவை. மஞ்சள் சாற்று மாத்திரைகளாலும் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது. "அது மருந்தே இல்லையே, வெறும் சத்து மாத்திரைதானே" என்று நினைப்பதைத்தான் முதலில் காட்ட வேண்டும். காலி டப்பாவானாலும் எடுத்து வையுங்கள். வேறொரு டாக்டர் யூரிக் ஆசிடுக்காக எழுதிய அலோபூரினால் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். இந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கத் தரும் அசதியோபிரினோடு அது சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம்.

அடுத்தது, இந்த நோய்க்குத் தரும் முக்கிய மருந்தான ஸ்டீராய்டு. நோய் இன்னும் உறுதியாகாத நிலையில், வீட்டில் மிச்சம் கிடந்த பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாமாகவே கொடுத்துவிட்டால் ரத்தத்தில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்களும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவும் இறங்கி, கல்லீரலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் தெரிய வேண்டியதும் மங்கிப்போகும், அப்புறம் டாக்டர் எதை வைத்து முடிவு செய்வார்? இதைவிட ஆபத்தானது தலைகீழ் தவறு: பல மாதமாகச் சாப்பிட்டு வருபவர், "ரிப்போர்ட் சரியாக வரட்டும்" என்று பரிசோதனைக்கு முன் தானாக நிறுத்திவிடுவது. உடம்பு தானே சுரக்க வேண்டிய கார்ட்டிசோல் ஹார்மோன் அப்போது போதாமல் போய், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் இருங்கள். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனைக்கான நீல மூடிக் குழாயில் குறியிட்ட அளவு வரை ரத்தம் நிரம்ப வேண்டும், குறைந்தால் முடிவே தப்பாக வரும். குழாய்க்குள் அணுக்கள் உடைந்தால் ஏஎஸ்டி என்ற கல்லீரல் என்சைம் பொய்யாக அதிகமாகத் தெரியும். சாம்பிள் எத்தனை மணிக்கு லேப்புக்குப் போய்ச் சேரும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எதிர்ப்புச் சக்தி நம் செல்களையே குறிவைக்கிறதா என்று பார்க்கும் ஏஎன்ஏ பரிசோதனை பாசிட்டிவ் என்பதைப் பார்த்துப் பதறுவதும் வேண்டாம், நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களில் சிலருக்குக்கூட அது பாசிட்டிவாக இருக்கும். வீட்டில் எடுத்த ரத்தத்தோடு விஷயம் முடிந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸை உறுதி செய்யப் பெரும்பாலும் பயாப்சி தேவைப்படும், பித்தக் குழாய்கள் சுருங்கும் பிஎஸ்சி என்ற வகைக்கு எம்ஆர்சிபி ஸ்கேன் வேண்டும், இரண்டுக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போயாக வேண்டும். அதேபோல ஏஎல்டி என்ற கல்லீரல் என்சைம் நார்மலுக்கு வந்ததும் குணமாகிவிட்டது என்று மருந்தை விட்டவர்களில் நிறையப் பேருக்கு நோய் திரும்பி வந்திருக்கிறது.

காலையில் ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். மதியத்துக்கு மேல்தான் ஏறும், சாயங்காலமும் ஒருமுறை பாருங்கள். கண் மஞ்சளாக இருக்கிறதா என்பதை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டாம், ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

நாங்கள் செய்த இன்னொரு தப்பு, டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் அம்மாவே பதில் சொல்லட்டும் என்று சும்மா இருந்தது. "நல்லாத்தான் இருக்கேன்" என்றார். பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழித்துக் கிடந்ததையும், தினமும் போடும் கையெழுத்து கோணலாகிப் போனதையும் அவர் சொல்லவில்லை, அவருக்கே அது தெரிந்திருக்காது. கல்லீரல் சுத்தம் செய்ய முடியாத கழிவு மூளையைப் பாதிக்கத் தொடங்கும்போது இப்படித்தான் ஆரம்பிக்கும். கூடவே இருந்து பார்ப்பவர்தான் அதைச் சொல்ல முடியும், டாக்டரைத் தனியே அழைத்தாவது சொல்லிவிடுங்கள்.

ரத்த வாந்தி, தார் போலக் கறுப்பாக மலம், திடீர்க் குழப்பம், வயிறு வீங்கி அதோடு காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் டாக்டர் நாளை வீட்டுக்கு வருவார் என்று காத்திருக்கக் கூடாது, அந்த நிமிஷமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள், அலமாரியில் இருக்கும் அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு.