சீனி கஜு செய்ய முந்தி உங்க வீட்டு உப்பு போத்தலப் பாருங்க

போன மாசத்துலேருந்து எங்க தோட்டத்துல மட்டுமே மூணு புள்ளைங்க சீனி கஜுவும் (சீனிப் பாகு புடிச்ச முந்திரி) சீனி கச்சானும் (அதே மாதிரி நிலக்கடலை) செஞ்சு விக்க ஆரம்பிச்சிருக்காங்க. சந்தோஷம்தான், தேயிலைக் கொழுந்து பறிக்கிற சம்பளத்த மட்டும் நம்பி இருக்காம கையில நாலு காசு வந்தா யாருக்கு கசக்கும். ஆனா அதுல ஒரு புள்ள ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்புல போட்டோ அனுப்பி "அக்கா எப்புடி இருக்கு"ன்னு கேட்டா, நானும் போட்டோவ பெருசாக்கிப் பாத்தேன், லேபிள் அழகா இருக்கு, கலரு அழகா இருக்கு, போத்தலுக்கு உள்பக்கம் மட்டும் மழ நாள்ல பஸ் கண்ணாடி மாதிரி வேர்த்திருக்கு. பாத்ததும் எனக்கு வயித்துல புளியக் கரைச்சிருச்சு. ஏழு வருஷத்துக்கு முந்தி நான் ஆடுன அதே கூத்து.

அதனாலதான் இத எழுதுறேன். அடி புடிக்கும், கிண்டிக்கிட்டே இருங்க, தீயக் கொறைங்க, இதெல்லாம் நான் சொல்லத் தேவையில்ல, ரெண்டு தரம் தீஞ்சா தானா வந்துரும். அளவுலயும் பெரிய ரகசியம் கெடையாது, நான் போடுறது 250 கிராம் கஜுவுக்கு 125 கிராம் சீனி, கால் கப் தண்ணி, கடைசியில ஒரு சிட்டிக உப்பு. கஜுவ மொதல்ல வெறும் சட்டியில லேசா வறுத்துக்குவேன், பச்சக் கஜு உள்ளுக்குள்ள கொஞ்சம் ஈரம் வச்சிருக்கும்.

மணலாப் போச்சேன்னு தண்ணி ஊத்துறது

சீனியும் தண்ணியும் கஜுவும் ஒண்ணா கொதிச்சு, நொர பெருசு பெருசா வந்து, பாகு இறுகி, இருந்தாப்புல ஒரு நிமிஷத்துல எல்லாமே வெள்ளையா மணல் மாதிரி உதிர்ந்துரும். பழகாதவங்க இங்கதான் பதறுறாங்க. என் சின்னம்மா மக ஒருத்தி "ஐயோ அக்கா சீனி செத்துப்போச்சு"ன்னு போன்ல அழுதா. சீனி சாகல, தண்ணி ஆவியாப் போனதும் அது திரும்ப உறையுது, அவ்வளவுதான். அதோட எறக்கினீங்கன்னா வெள்ளப் பூச்சோட மொறுமொறுன்னு ஒரு வகை. எறக்காம தீயக் கொறச்சு இன்னும் நாலஞ்சு நிமிஷம் பெரட்டிக்கிட்டே இருந்தீங்கன்னா அந்த மணல் கொஞ்சம் கொஞ்சமா உருகி, நல்ல சாயமான பிளேன்டீ கலர்ல கஜுவ சுத்திப் புடிச்சிக்கும், பளபளன்னு. நடுவுல பயந்து தண்ணி ஊத்தினா எல்லாத்தையும் முதல்லேருந்து கொதிக்க வைக்கணும், அதுக்குள்ள கஜு வெந்து தொவண்டு போகும்.

யூடியூப் டிகிரிய அப்புடியே நம்புறது

இது கச்சான் கட்டி (கடலை மிட்டாய் மாதிரி) செய்யிறவங்களுக்கு. தெர்மாமீட்டர் வாங்கி வச்சிருக்குற ஆளுங்க 150 டிகிரி வரட்டும்னு காத்துக்கிட்டே நிப்பாங்க, அதுக்குள்ள பாகு கருகல் பக்கம் போயிரும், பொறகு தெர்மாமீட்டர் மேல பழி. அந்தக் கணக்கெல்லாம் கடல் மட்டத்துல இருக்குறவங்களுக்கு எழுதினது. நாம இருக்குறது மலை மேல. நுவரெலியா 1,868 மீட்டர் ஒசரம், அங்க தண்ணி 94 டிகிரிக்குக் கிட்ட வரும்போதே கொதிச்சிரும். ஹட்டன் பக்கம் 96. சுமாரா 300 மீட்டர் ஏறினா ஒரு டிகிரி கொறையும். பாகும் கொதிக்கிற சாமான்தானே, அதுக்கும் இதே கதைதான். அதனால வேலைய ஆரம்பிக்க முந்தி வெறும் தண்ணியக் கொதிக்க வச்சு தெர்மாமீட்டர விடுங்க, 96 காட்டுனா 100லேருந்து நாலு கம்மி, அந்த நாலயே ரெசிப்பியிலயும் கழிச்சிருங்க, 150 இருந்தா 146. மெஷின் கொஞ்சம் பொய் சொன்னாலும் இதுலயே சரியாகிரும். அப்புடியும் நான் நம்புறது தண்ணி கப்பத்தான். நம்ம பைப்பு தண்ணிதான் ஐஸ் மாதிரி வருதே, அதுல ஒரு சொட்டு பாக விட்டு எடுத்து ஒடிச்சா "டக்"னு சத்தம் கேக்கணும், வளைஞ்சா இன்னும் நேரம் இருக்கு.

லன்ச் ஷீட்ல கொட்டுறது

உருகும். கஜுலேருந்து பிளாஸ்டிக் உரிச்ச அனுபவம் எனக்கு இருக்கு, உங்களுக்கு வேணாம்.

சூட்டோட போத்தல்ல போட்டு மூடுறது

இதுக்குத்தான் இவ்வளவு பேச்சும்.

அந்த வருஷம் தீபாவளிக்கு டவுன்ல ஒரு கடைக்காரர் 100 கிராம் போத்தல் நாப்பது கேட்டிருந்தாரு. மொத்தம் 4 கிலோ. கஜு விக்கிற விலை உங்களுக்குத் தெரியும், கையில அவ்வளவு காசு இல்ல, சீட்டு எடுத்து வாங்குனேன். அதுவும் கொழும்புலேருந்து வர்ற அண்ணன் ஒருத்தர்கிட்ட சொல்லி கண்டி ரோட்டுல கஜுகமயில நிப்பாட்டி முழுக் கஜுவா பாத்து எடுத்துட்டு வரச் சொன்னேன், ஒடஞ்சது வேணாம்னு அவ்வளவு கவனம். பகல் பூரா வேற வேல, அடுப்பு பத்த வைக்கும்போதே மணி ஏழு. கடைசி சட்டி எறக்குறப்ப பதினொன்னு. வெளிய பனிமூட்டம், எதிர் லயத்து (தோட்டத்து வரிசை வீடுங்க) லைட்டே தெரியல, மழையும் புடிச்சிருச்சு. எனக்கு ஒரே பயம், இந்த ஈரக் காத்து பட்டா கஜு பிசுபிசுத்துரும்னு. அந்தப் பயத்துல என்ன பண்ணேன், தட்டுல கொட்டி அஞ்சு நிமிஷம், கட்டிகளப் பிரிச்சுவிட்டேன், அப்புடியே சூட்டோட போத்தல்ல அள்ளிப் போட்டு மூடிய இறுக்கிட்டேன். நாப்பதயும் அடுக்கி வச்சுப் பாத்துட்டு பெருமையா படுத்தேன்.

காலையில நாப்பது போத்தலும் வேர்த்திருந்துச்சு. தொடச்சுப் பாத்தேன், வெளிய இல்ல, உள்ள. சரி, காஞ்சிரும்னு நெனச்சு கொண்டுபோயிட்டேன் பாருங்க, அந்தப் புத்திய இப்ப நெனச்சாலும் எனக்கு எரிச்சல் வருது. கடைக்காரர் ஒண்ணத் தொறந்து கவுத்தாரு. ஒண்ணும் விழல. தட்டினாரு. மொத்தமா ஒரு உருண்டையா போத்தல் அச்சுல சரிஞ்சு வந்துச்சு. "தங்கச்சி, இது கஜுவா, களியா"ன்னு கேட்டாரு. சத்தம் போடல, அதுதான் இன்னும் வலிச்சுச்சு.

என்ன நடக்குதுன்னா, சூடான கஜு ஆவி விட்டுக்கிட்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா விடும். போத்தல் கண்ணாடியோ நம்ம ஊர் குளிருக்கு சில்லுன்னு இருக்கு. அந்த ஆவி கண்ணாடியில பட்டு சொட்டாகி, கீழ வழிஞ்சு, கஜு மேல இருக்குற சீனியக் கரைக்குது. மூடி இறுக்கமா இருக்க இருக்க இன்னும் மோசம், போக வழி இல்லையே. நான் வெளிய இருக்குற ஈரத்துக்குப் பயந்து ஈரத்த உள்ள வச்சுப் பூட்டியிருக்கேன்.

இத விட கேவலம் ரெண்டாவது தரம். கடைக்காரர் பாவம் பாத்து "சாயந்தரத்துக்குள்ள சரிபண்ணிக் கொண்டாங்க"ன்னாரு. வீட்டுக்கு ஓடி, எல்லாத்தையும் சுரண்டி எடுத்து, சட்டியில போட்டு நல்ல தீயில பெரட்டினேன், பாதி கருகிச்சு, மிச்சத்த, நாலு மணி பஸ்ஸ விடக்கூடாதுன்னு, திரும்பவும் சூட்டோடயே போத்தல்ல போட்டேன். ஆமா. திரும்பவும். ஒரே நாள்ல.

இப்ப நான் செய்யிற விதம் இதுதான். ராத்திரி வேல கெடையாது, காலையில பத்து மணியிலேருந்து ரெண்டு மணிக்குள்ள, வெயில் கொஞ்சம் எட்டிப் பாக்குற நேரம், அப்பதான் காத்துல ஈரப்பதம் கம்மி. மூணு மணிக்கு மேல மூட்டம் எறங்குச்சுன்னா அடுப்பையே பத்த வைக்கிறதில்ல. தட்டுல ஒத்த வரிசையா பரத்துறது, ஒண்ணுமேல ஒண்ணு இருந்தா அடியில உள்ளது ஆறவே ஆறாது. ஜன்னல் சாத்தியிருக்கணும், அதே நேரத்துல பக்கத்து அடுப்புல சோறு வேகக்கூடாது, கேத்தல் கொதிக்கக்கூடாது (எங்க அண்ணிக்கு இத வெளங்க வைக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு). அர மணித்தியாலம் போதும்னு சொல்லுவாங்க, நான் முக்கா மணித்தியாலம் விடுறேன். ஆறிருச்சான்னு பாக்க மேல தொட்டுப் பாக்காதீங்க, மேல எப்பவும் ஆறித்தான் இருக்கும். தட்டோட அடிய உள்ளங்கையால தடவிப் பாருங்க. பொறகு ஒரு கஜுவ ரெண்டா ஒடச்சு, ஒடஞ்ச பக்கத்த ஒதட்டுல வைங்க. ஒதடு பொய் சொல்லாது, உள்ள இளஞ்சூடு இருந்தாலும் தெரிஞ்சிரும்.

போத்தல முந்தின நாளே கழுவி, அடுப்புக்கு மேல பரண்ல கவுத்தி வச்சிருவேன், அங்கதான் வீட்டுலயே காஞ்ச எடம். எங்க அப்பாயி உப்பையும் நெருப்புப்பெட்டியையும் அங்கதான் வச்சிருந்துச்சு, நாங்க சிரிப்போம். கஜுவப் போட்டு மூடி, லேபிள் ஒட்டாம ஒரு மணித்தியாலம் சும்மா வச்சுப் பாருங்க. கண்ணாடியில மூச்சு விட்ட மாதிரி லேசா மூட்டம் தெரிஞ்சாலும் வெளிய கொட்டுங்க, திரும்ப ஆறவிடுங்க. சோம்பல் படாதீங்க.

அந்த உப்பு போத்தல் விஷயம். காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினா உப்பு தண்ணி விட ஆரம்பிச்சிரும். வீட்டுல உப்பு கசகசன்னு இருந்தா அன்னைக்கு கஜு வேணாம். உடனே கேப்பாங்க, "சீனி டின்ல சீனி உதிரியாத்தானே அக்கா இருக்கு"ன்னு. டின்ல இருக்குற சீனி பளிங்கு, அது உப்ப விட தைரியசாலி, 85 கிட்ட வரைக்கும் தாங்கும். கஜு மேல உருகி கண்ணாடி மாதிரி புடிச்சிருக்குற சீனி அது இல்ல, ரொம்பக் கொறஞ்ச ஈரத்துலயே இழுக்க ஆரம்பிச்சிரும். அதனாலதான் மழ மாசத்துல நான் பளபளப்புப் பக்கம் போறதே இல்ல, மணல் பருவத்துலயே எறக்கிருவேன். பாக்க சுமார்தான், ஆனா நாள் தாங்கும்.

செவப்பு சீனி, கித்துள், தேசிக்காய்

"ஹெல்தியா" இருக்கட்டும்னு செவப்பு சீனி, கித்துள் கருப்பட்டி, தேன் எல்லாம் போட்டுப் பாக்குறாங்க. ருசி அபாரம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இதுங்க வெள்ளச் சீனிய விட வேகமா ஈரம் இழுக்கும். வீட்டுல செஞ்சு அன்னைக்கே திங்கிறதுன்னா தாராளமா போடுங்க, போத்தல்ல அடைச்சு கடைக்குக் கொடுக்குறதுன்னா வேணாம். தேசிக்காய்ச் சாறு விடுறது இன்னொரு பழக்கம், பாகு உறையாம இருக்க விடுறது அது, நமக்கோ உறையணும். அந்த மணல் வரவே வராது, பொறகு மணிக்கணக்கா கிண்டிட்டு எனக்கு போன் பண்ணுவீங்க.

ஒரே சட்டியில ஒரு கிலோ

முடியாது. கை வலிக்கும், பாதி கருகும், பாதி வெள்ளையா நிக்கும்.

காறின கச்சான்

மொனராகலப் பக்கத்துப் புதுக் கச்சான் வர்ற நேரம் எதுன்னு கடையில கேட்டு வச்சுக்குங்க. பழசு காறிப்போயிருந்தா சீனி அத மறைக்காது, நாலு நாள்ல இன்னும் தூக்கலா தெரியும். வாங்க முந்தி ஒண்ண மென்னு பாருங்க, கடைக்காரர் மொறச்சா மொறைக்கட்டும். பூஞ்சணம் புடிச்சது, சுருங்கி கருத்தது இருந்தா ஒவ்வொண்ணா பொறுக்கி எறிஞ்சிருங்க, வறுத்தா சரியாப்போகும்னு நெனைக்காதீங்க, அந்தப் பூஞ்சண நஞ்சு நம்ம சட்டிச் சூட்டுக்கெல்லாம் முழுசா அழியாது.

விரல வச்சு ருசி பாக்குறது

கட்ட விரல்ல தழும்பு இருக்கு. வந்தா காட்டுறேன்.

ஒட்டிப்போனத என்ன பண்றது

லேசா பிசுபிசுப்பு மட்டும்னா காப்பாத்தலாம். பேக்கிங் அவன் இருந்தா 120 டிகிரியில ஒத்த வரிசையா பரத்தி பத்து, பதினஞ்சு நிமிஷம், அது இல்லாட்டி கனமான சட்டியில ரொம்பச் சின்னத் தீயில பொறுமையா, நான் அன்னைக்கு வச்ச மாதிரி இல்ல. பொறகு மேல சொன்ன மாதிரி ஆறவிடணும், முழுசா. களியாப் போனத ஒண்ணும் பண்ண ஏலாது, அம்மியில தட்டி பாயாசத்துல போடலாம். அந்த தீபாவளிக்கு எங்க லயத்துல பன்னெண்டு காம்பராவுலயும் பாயாசத்துல கஜு மெதந்துச்சு, எல்லாரும் என்னை வாழ்த்துனாங்க, நான் மட்டும் அடுத்த ஆறு மாசம் சீட்டு கட்டிக்கிட்டு இருந்தேன்.