வளைகுடாவில் புதிதாக இறங்கியிருக்கும் நெல்லைக்காரர்களுக்கு: நெட்வொர்க்கிங் பயிற்சியைப் பார்த்துச் சேருங்கள்

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி துபாய், தோஹா, ரியாத் என்று வந்து சேரும் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை சிசிடிவி டெக்னீஷியன், கேபிள் இழுப்பது, ஐடி சப்போர்ட் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது. பாலிடெக்னிக் முடித்தவர்களும் உண்டு, பிகாம் முடித்துவிட்டு உறவினர் சொல்லி வந்தவர்களும் உண்டு. ரூமில் பெட்டியைப் பிரிப்பதற்குள் யாராவது, “சிசிஎன்ஏ முடிச்சிரு தம்பி, சம்பளம் ஏறிரும்” என்று சொல்லிவிடுவார்கள். சிசிஎன்ஏ என்பது கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கிங் வேலைக்கு சிஸ்கோ கம்பெனி தரும் சான்றிதழ். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் எங்கே படிப்பது, எப்படிப் பார்த்துச் சேர்வது என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வந்த உடனே பணம் கட்டாதீர்கள். அமீரகத்தில் சோதனைக் காலம் அதிகபட்சம் 6 மாதம் வரை போகலாம். அந்த நாட்களில் வேலை நிலைக்க வேண்டும், ஊரில் வாங்கிய கடனும் குறைய வேண்டும். அதுவரை காசில்லாமல் செய்ய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கம்பெனியும் அது வேலை எடுத்துச் செய்யும் இடங்களும் என்ன கருவிகள் வைத்திருக்கின்றன என்று பாருங்கள். கருவிகள் அடுக்கிய ரேக்கைத் திறக்கும்போது, கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்சில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறது, சிஸ்கோவா, அரூபாவா, ஹுவாவேயா? வெளியிலிருந்து வரும் ஆபத்தைத் தடுக்கும் ஃபயர்வால் ஃபோர்டினெட் கம்பெனியுடையதா? மைக்ரோடிக் கம்பெனி ரவுட்டர் எத்தனை இடத்தில் இருக்கிறது? குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சான்றிதழ் உங்களுக்கு முதலில் பலன் தரும் என்பதை விளம்பரத்தைவிட அந்தக் குறிப்பு நன்றாகச் சொல்லும்.

அடிப்படைக்கு இரண்டு வழி. காம்ப்டியா என்ற சான்றிதழ் அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் எந்தக் கம்பெனிக் கருவியையும் சாராதது. 90 நிமிடத் தேர்வு. சிஸ்கோவின் சிசிஎன்ஏ, 200-301 என்ற எண் கொண்டது, 120 நிமிடம். டிப்ளமோ, இன்ஜினியரிங் படித்தவர்கள், கேபிள் வேலையில் கை பழகியவர்கள் நேரே சிசிஎன்ஏவுக்குப் போகலாம் என்பது என் கருத்து. கம்ப்யூட்டர் பக்கமே வராதவர்கள் நெட்வொர்க் பிளஸ் பாடத்தை முதலில் படிக்கட்டும். அந்தத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஃபயர்வால், வயர்லெஸ் எல்லாம் அதற்கு அப்புறம். சிசிஎன்ஏ அறிவு இல்லாமல் நேரே ஃபயர்வால் கோர்ஸில் உட்கார்ந்தால் பாதி நாள் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) புரியாமலே கழிந்துவிடும்.

சரி, நல்ல பயிற்சி என்று எதை வைத்துச் சொல்வது? வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்கள் கை கீபோர்டிலும் கேபிளிலும் இருக்கிறது என்பதை வைத்துத்தான். மற்றதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அலுவலகத்தில் ஒருவர் நெட் வரவில்லை என்கிறார். அவருடைய கம்ப்யூட்டரில் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி நிற்கிறது. அதைப் பார்த்ததுமே, முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து முகவரி வந்து சேரவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்து எங்கே போவீர்கள்? கேபிள் சொருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா? அந்த ஸ்விட்ச் போர்ட் எந்த வீலானில், அதாவது ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த எந்தத் தனி நெட்வொர்க்கில், இருக்கிறது? பல வீலான்களைச் சேர்த்து மேலே கொண்டுபோகும் ட்ரங்க் இணைப்பில் அந்த வீலானை அனுமதித்திருக்கிறார்களா? சர்வர் வேறு வீலானில் இருந்தால் ரவுட்டரில், முகவரி கேட்கும் கோரிக்கையை அங்கே அனுப்பிவைக்கும் ஹெல்பர் அட்ரஸ் கொடுத்திருக்கிறதா? சர்வரில் கொடுப்பதற்கு முகவரி மீதி இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா? இந்த வரிசை தானாக மனதில் ஓடுகிறவரைத்தான் வேலைக்கு எடுப்பார்கள். டிஎச்சிபியின் விரிவாக்கம் என்ன என்று ஒப்பிக்கத் தெரிந்தவர் இந்த இடத்தில் விழித்துக்கொண்டு நிற்பார்.

ஆகவே டெமோ வகுப்பில் உட்காரும்போது ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள்: “லேபில் நீங்களே ஏதாவது ஒன்றைக் கெடுத்துவிட்டு எங்களைக் கண்டுபிடிக்கச் சொல்வீர்களா?” நல்ல ஆசிரியருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். அவர் வேலை பார்த்த இடத்தில் நடந்த இரண்டு கோளாறுகளை அப்போதே சொல்லத் தொடங்கிவிடுவார். “அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்” என்று ஸ்லைடுக்குத் திரும்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். சிசிஎன்ஏ 2020 பிப்ரவரியில் அடியோடு மாறியது. 2024 ஆகஸ்டில் மறுபடி சிறு திருத்தம் வந்தது. இப்போதைய தேர்வில் வயர்லெஸ் உண்டு, பாதுகாப்பு 15 சதவீதம், ஆட்டோமேஷன் 10 சதவீதம். ஐபி கனெக்டிவிட்டி, அதாவது தகவல் எந்த வழியில் போக வேண்டும் என்று ரவுட்டர் முடிவு செய்யும் ரூட்டிங், 25 சதவீதம். அதில் ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் முறைதான் முக்கியம். ரிப், ஃப்ரேம் ரிலே என்று பழைய முறைகளுக்கு வாரக்கணக்கில் பாடம் எடுத்தால் அவர்கள் கையில் இருப்பது பழைய நோட்ஸ்.

சிசிடிவி, கேபிள் வேலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வேலையை நீங்களே குறைவாக நினைக்காதீர்கள். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று கேபிளின் எட்டு வயரையும் வரிசையாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முனையைக் கிரிம்ப் செய்கிறீர்களே, லேப்டாப் முன்னால் மட்டுமே படித்து வந்தவர்கள் பலருக்கு அது வராது. 100 மீட்டருக்கு மேல் செப்புக் கேபிள் இழுத்தால் சிக்கல் வரும் என்பது உங்களுக்கு அனுபவத்தில் தெரியும். எல்லாக் கேமராவும் சேர்ந்து நெட்வொர்க் கேபிள் வழியே ஸ்விட்ச் தரும் பிஓஇ மின்சார அளவைத் தாண்டினால் சில கேமரா உயிர் பெறாது என்பதும் தெரியும். அதன் மேல் வீலானும் ரூட்டிங்கும் ஏறினால் நீங்கள் சீக்கிரம் மேலே போவீர்கள்.

எங்கிருந்து படிப்பது என்பது அடுத்த கேள்வி. வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ உள்ள சென்டர் ஆன்லைனில் வகுப்பு எடுத்தால் நேரத்தை முதலில் கணக்குப் பாருங்கள். ஊரில் இரவு 9 மணி என்றால் துபாயில் 7:30, தோஹாவிலும் ரியாத்திலும் 6:30. சைட்டிலிருந்து வண்டி எத்தனை மணிக்கு கேம்ப்புக்குத் திரும்புகிறது? அந்த நேரத்தில் நீங்கள் இன்னும் வண்டியில்தான் இருப்பீர்கள் என்றால் அந்த வகுப்பில் சேர வேண்டாம். வார விடுமுறையும் ஒன்றுபோல் இல்லை. சவுதியில் வெள்ளி, சனி. அமீரகத்தில் பல அலுவலகங்களுக்கு சனி, ஞாயிறு. தவறவிட்ட வகுப்பின் பதிவு கிடைக்குமா, சந்தேகம் கேட்டால் யார் பதில் சொல்வார்கள் என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

லீவுக்கு ஊருக்கு வரும்போது 10 நாளில் முடித்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். வேண்டாம். கல்யாண வீடு, கோயில் கொடை, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என்று லீவு எப்படிக் கரையும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, சப்நெட்டிங், அதாவது ஐபி முகவரிகளைச் சிறு தொகுதிகளாகப் பிரிக்கும் கணக்கு, 10 நாளில் கைவராது. தினமும் நாலு கணக்கு என்று ஒரு மாதம் போட்டால்தான், /26 என்ற தொகுதி அளவைச் சொன்னதும் 64 முகவரி, அதில் கருவிகளுக்கு 62 என்று யோசிக்காமல் வரும்.

தமிழில் விளக்கிச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் நல்லது, கருத்து ஆழமாகப் பதியும். ஆனால் இன்டர்வியூ ஆங்கிலத்தில்தான் நடக்கும், கேட்பவர் மலையாளியாகவோ எகிப்துக்காரராகவோ இருப்பார். படித்ததை வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். ரூமில் இந்தத் துறையில் இருக்கும் நம்ம ஊர் அண்ணாச்சி யாராவது இருந்தால் வாரம் ஒருமுறை அவரைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

பணம் கட்டும் முன் இலவசமாகக் கிடைப்பதை ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் பேக்கெட் ட்ரேசர் இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். நெட்வொர்க்கில் ஓடும் தகவலைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கும் இலவசம். அந்த ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள்.

கட்டணம் கேட்கும்போது தேர்வுக் கட்டணம் அதில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். சிசிஎன்ஏ தேர்வுக்கு மட்டும் 300 அமெரிக்க டாலர், வரி தனி. நூறு சதவீதம் வேலை உத்தரவாதம் என்பவர்களை நம்பாதீர்கள். வேலை கொடுப்பது வேறொருவர், அவருக்காக இவர் எப்படி வாக்குக் கொடுக்க முடியும்? இதற்காக வீட்டு நகையை அடகு வைக்கச் சொல்லாதீர்கள். தவணையில் கட்ட விடாத இடம் உங்களுக்கு வேண்டாம்.

டம்ப்ஸ் என்று தேர்வில் வந்த கேள்வி பதிலை விற்பார்கள். தொடாதீர்கள். பிடிபட்டால் தேர்வு முடிவை ரத்து செய்வார்கள், மறுபடி எழுத முடியாமல் தடையும் வரலாம். பிடிபடாமல் தேறினாலும், மேலே சொன்ன 169.254 கேள்வியை இன்டர்வியூவில் கேட்டால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேர்வுக்குப் பதியும்போது பெயரில் கவனம். தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் கணக்கில் கொடுக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கு இன்ஷியல் பழக்கம். ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக வந்திருந்தால் அப்படியே எழுதுங்கள். வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதும் வசதியும் உண்டு, ஆனால் தனி அறை வேண்டும், தேர்வு முடியும்வரை யாரும் உள்ளே வரக் கூடாது. ஆறு பேர் தங்கும் ரூமில் இது நடக்காது. தேர்வு மையத்துக்கே போய்விடுங்கள்.

தேறியதும் இணையத்தில் சரிபார்க்கக்கூடிய டிஜிட்டல் பேட்ஜ் வரும், அதன் இணைப்பை சிவியில் போடுங்கள். அதற்குக் கீழே, லேபில் நீங்கள் கட்டியதையும் கண்டுபிடித்த கோளாறுகளையும் நாலு வரியில் எழுதுங்கள். சான்றிதழ் 3 ஆண்டுக்குத்தான் செல்லும். கம்பெனி மாறினாலும் சிம் மாறினாலும் தொலையாத சொந்த மின்னஞ்சலில் உங்கள் சான்றிதழ் கணக்கை வைத்திருங்கள். காலாவதி நினைவூட்டல் அங்கேதான் வரும்.